சீனா திருப்பி அனுப்பின சோளமும் எங்க ஊர் சோளமும்

ரெண்டு மூணு வாரமா எதுவும் எழுத முடியல. கோடை உழவு ஓட்டிட்டு, கீழக்காட்டுல ஆட்டுக்கிடை போட்டிருந்தேன். கிடைக்காரருக்குச் சோறு, ராத்திரி காவல்னு பொழுது போயிடுச்சு. இப்பத்தான் உட்கார நேரம் கிடைச்சுது.

போன தை மாசம் மக்காச்சோளம் அறுத்த கதையை எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். புரட்டாசியில நாங்க பதினோரு பேர் ஒரே கடையில, ஒரே கம்பெனியோட, ஒரே ரக விதை வாங்கி ஊனினோம். பயிர் ஆளுயரத்துக்கு நல்லா கரும்பச்சையா நின்னுச்சு. கதிரை உரிச்சுப் பார்த்தா பல்லு விழுந்த கிழவி வாய் மாதிரி அங்கொண்ணும் இங்கொண்ணுமா மணி. பக்கத்துக் காட்டுல வேற ரகம். அதே மழை, அதே உரம், அங்க கதிர் நுனி வரைக்கும் மணி கட்டியிருந்துச்சு. எனக்கு ரெண்டு ஏக்கர். வழக்கமா ஐம்பது குவிண்டால் பக்கம் வரும், இந்த தடவை இருபத்திரெண்டு. கம்பெனி ஆள் பைக்குல வந்தார். ரெண்டு கதிரைப் பிடுங்கிப் பார்த்தார். "பூக்கற நேரத்துல சீதோஷ்ணம் சரியில்லீங்க அண்ணே"ன்னு சொல்லிட்டுப் போனவர்தான். சத்தம் போட்ட மூணு பேருக்கு மட்டும் அடுத்த போகத்துக்கு ஆளுக்கொரு பை விதை இலவசம்னு சேதி வந்துச்சு. அதே ரகம்!

அதைப் படிச்சுட்டு சென்னையில இருக்கற நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். அவர் பையன் அமெரிக்காவுல இருக்கான். "இதே அமெரிக்காவா இருந்தா நீங்க பதினோரு பேரும் சேர்ந்து கிளாஸ் ஆக்‌ஷன் போட்டு கோடிக்கணக்குல வாங்கியிருப்பீங்க. நம்ம நாட்டுல சட்டமே இல்ல சார்" அப்படின்னார்.

எனக்கு இது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அங்க விவசாயிங்க நெஜமாவே அப்படி வாங்கியிருக்காங்களா, இங்க சட்டமே இல்லையான்னு ராத்திரி கிடைக்காவலுக்கு உட்கார்ந்தப்ப போன்ல தேடிப் படிச்சேன். பெரம்பலூர்ல தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்டயும் போய்க் கேட்டேன். நண்பர் சொன்னதுல பாதி சரி. மீதிப் பாதிதான் இந்தப் பதிவு.

முதல்ல அமெரிக்கா கதையைச் சொல்றேன். அதுவும் மக்காச்சோளக் கதைதான், அதனாலதான் எனக்கு அவ்வளவு பிடிச்சுது.

சின்ஜென்டான்னு ஒரு பெரிய விதைக் கம்பெனி. உங்க வீட்டு பால்கனியில செடி வச்சிருந்தா பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. அவங்க விப்டெரான்னு ஒரு மரபணு மாற்று மக்காச்சோளத்தைக் கொண்டு வந்தாங்க. புழு தாக்குதலைத் தாங்கற விதை. அமெரிக்க அரசாங்கம் 2010ல அனுமதி குடுத்துடுச்சு, 2011 போகத்துக்கு வித்தாங்க. ஆனா சோளம் வாங்கற சீனா அந்த ரகத்துக்கு இன்னும் அனுமதி குடுக்கல. 2013 நவம்பர்ல சீனா கப்பல்ல வந்த சோளத்தைப் பரிசோதிச்சுப் பார்த்து, இதுல அந்த ரகம் கலந்திருக்குன்னு திருப்பி அனுப்ப ஆரம்பிச்சுது.

இங்கதான் விவசாயியா எனக்கு விஷயம் புரிஞ்சுது. அங்க சோளத்தை நம்ம மாதிரி மூட்டை பிடிச்சு, இது சுப்பிரமணி வீட்டு மூட்டை, இது என் மூட்டைன்னு பேர் எழுதறதில்லை. எல்லார் சோளமும் ஒரே பெரிய கோபுரத்துல கொட்டிடுவாங்க. அதுல நூறுல ரெண்டு மூணு வண்டி விப்டெரா கலந்தாலும் மொத்தமும் கலந்த மாதிரிதான். ஆக, அந்த விதையை வாங்காத, கண்ணாலகூடப் பார்க்காத விவசாயிக்கும் நஷ்டம். சீனா கதவைச் சாத்தினதால விலை இறங்கிடுச்சு, அதுக்கு விதைக் கம்பெனிதான் பொறுப்புன்னு விவசாயிங்க சொன்னாங்க. நாங்க அமெரிக்காவுல முறைப்படி அனுமதி வாங்கித்தான் வித்தோம்னு கம்பெனி சொல்லுச்சு.

இப்ப கணக்கைப் பாருங்க. குவிண்டாலுக்கு நாற்பது ஐம்பது ரூபா விலை இறங்குச்சுன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். எனக்கு ஐம்பது குவிண்டால்னா ரெண்டாயிரத்து ஐநூறு ரூபா நஷ்டம். அதுக்காக உலகம் பூரா வியாபாரம் பண்ற கம்பெனி மேல கேஸ் போட முடியுமா? வக்கீலோட முதல் வாய்தாவுக்கே காணாது. நான் போடமாட்டேன், நீங்களும் போடமாட்டீங்க. அது கம்பெனிக்கும் தெரியும். ஒருத்தர்கிட்ட ஒரு லட்சம் ஏமாத்தினா அவன் கோர்ட்டுக்குப் போவான். ஒரு லட்சம் பேர்கிட்ட ஆளுக்கு நூறு ரூபா ஏமாத்தினா ஒருத்தனும் போகமாட்டான். இந்த ஓட்டையை அடைக்கறதுக்குன்னு வந்ததுதான் கிளாஸ் ஆக்‌ஷன். தமிழ்ல கூட்டு வழக்குன்னு வச்சுக்குவோம். ஆனா பத்து பேர் கூடிப் போய்க் கையெழுத்துப் போடற கூட்டு இல்ல அது. அதைத்தான் நானும் தப்பா நெனச்சுக்கிட்டிருந்தேன்.

அங்க அது நடக்கற விதம் இதுதான். நாலஞ்சு விவசாயி பேர்ல கேஸ் போடுவாங்க. அவங்க "எங்களுக்காக மட்டும் இல்ல, இதே மாதிரி நஷ்டப்பட்ட எல்லாருக்காகவும்"னு சொல்லிப் போடறாங்க. ஆனா நெனச்சவன் எல்லாம் ஊருக்காகப் பேசறேன்னு எழுந்திரிக்க முடியாது இல்லையா? நம்ம ஊர்க் கூட்டத்துலயே "உன்னை யாருய்யா பேசச் சொன்னது"ன்னு ஒரு குரல் வரும். அந்தக் குரலோட வேலையை அங்க நீதிபதி பார்க்கறார். ஆளுங்க நெஜமாவே ஏராளமா இருக்காங்களா, ஒவ்வொருத்தரையும் தனியாச் சேர்க்க முடியாத அளவுக்கு? எல்லாருக்கும் பொதுவான கேள்வி இருக்கா? முன்னால நிக்கறவனோட நஷ்டமும் மத்தவங்க நஷ்டமும் ஒரே ஜாதியா? அவனும் அவன் வக்கீலும் எல்லாருக்கும் ஒழுங்கா பேசுவாங்களா, இல்ல நடுவுல கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டுக் கழண்டுக்குவாங்களா? நஷ்டஈடு கேக்கற வழக்குன்னா இன்னும் ஒண்ணு: அந்தப் பொதுக் கேள்விதான் பெரிசா, இல்ல ஆளாளுக்கு இருக்கற தனிக்கதைதான் பெரிசா? இதையெல்லாம் பார்த்து நீதிபதி சரின்னு சொன்னாத்தான் அது கூட்டு வழக்கு. அதுவரைக்கும் அது நாலஞ்சு பேர் போட்ட சாதாரண கேஸ்தான். பெரும்பாலும் கம்பெனிகள் முழு பலத்தையும் காட்டறது இந்த இடத்துலதான். இங்க தோத்தா பாதி வழக்கு தோத்த மாதிரி.

சின்ஜென்டா வழக்குல நாடு பூரா போட்ட ஏராளமான கேஸ்களைச் சேர்த்து கன்சாஸ் மாநிலத்துல லங்ஸ்ட்ரம்ங்கற நீதிபதிகிட்ட விட்டாங்க. 2016 செப்டம்பர்ல அவர் இதைக் கூட்டு வழக்கா ஏத்துக்கிட்டார். அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமான விஷயம். அன்னைக்கு வரைக்கும் கேஸ் பத்திக் காதால கேக்காத விவசாயிகூட வழக்குக்குள்ள வந்துட்டார். அவர் எங்கயும் போகவேண்டியதில்ல, கையெழுத்துப் போடவேண்டியதில்ல. "எனக்கு இது வேண்டாம், நான் தனியா பார்த்துக்கறேன்"னு எழுதிக் குடுத்தாத்தான் வெளியில போகமுடியும். சும்மா இருந்தா உள்ள இருக்கார்னு அர்த்தம். 1966ல அங்க விதியைத் திருத்தினப்ப வந்த ஏற்பாடு இது.

நம்ம ஊர் வழக்கம் இதுக்கு நேர் எதிர். இங்க வாய்க்கால் தூர் வாரணும்னு கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்கப்போனாலும், யார் வந்தாங்களோ அவங்களுக்குத்தான் அந்தப் பிரச்சனை. வராதவனை "அவனுக்கு அக்கறை இல்ல"ன்னு விட்டுடுவோம். வராதவன் பல நேரம் ஆட்டை விட்டுட்டு வரமுடியாதவன், கடைக்காரன்கிட்ட கடன் வாங்கியிருக்கறதால வாய் திறக்க முடியாதவன். எங்க பதினோரு பேர்ல நாலு பேர் அப்படித்தான். உரக்கடையில பாக்கி வச்சிருக்காங்க. அந்தக் கடை வித்த விதை மேல புகார் குடுன்னா எப்படிக் குடுப்பாங்க? வாய் திறக்காதவனையும் சேர்த்து எண்ணற ஒரு சட்டம்ங்கறது சின்ன விஷயம் இல்லீங்க.

வழக்கு முடிஞ்ச கதைக்கு வர்றேன். 2017 ஜூன்ல கன்சாஸ் விவசாயிகள் பங்கு மட்டும் முதல்ல ஜூரி முன்னால விசாரணைக்கு வந்துச்சு. 21 கோடியே 77 லட்சம் டாலர் குடுக்கணும்னு தீர்ப்பு. இன்னும் வரிசையா மத்த மாநிலங்கள் காத்துக்கிட்டிருந்துச்சு. செப்டம்பர்ல கம்பெனி சமாதானத்துக்கு வந்துடுச்சு. மொத்தம் 151 கோடி டாலர். அன்னைய மதிப்புல பத்தாயிரம் கோடி ரூபாய் பக்கம். (நடுவுல ஒரு வேடிக்கை, அதே 2017ல சின்ஜென்டாவையே சீன அரசுக் கம்பெனி ஒண்ணு வாங்கிடுச்சு. சோளத்தைத் திருப்பி அனுப்பினவனே விதைக் கம்பெனிக்கு முதலாளி ஆயிட்டான்.) ரெண்டு தரப்பும் கைகுலுக்கினா மட்டும் போதாது. சமாதானம் நியாயமானதுதானான்னு நீதிபதி பார்த்து ஒப்புக்கணும், ஆட்சேபணை இருக்கறவங்க சொல்லலாம். 2018 டிசம்பர்லதான் கடைசி ஒப்புதல் கிடைச்சுது. வக்கீல்களுக்கு மூணுல ஒரு பங்கு, ஐம்பது கோடி டாலர் பக்கம்.

இந்த மூணுல ஒரு பங்கைக் கேட்டதும் எங்க சித்தப்பா "அடேங்கப்பா, அறுத்தவனுக்குக் கூலியே மூணுல ஒண்ணா"ன்னார். எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. அந்தப் பங்கை எப்படிப் பிரிச்சுக்கறதுன்னு வக்கீல்களுக்குள்ள நடந்த சண்டை தனிக்கதை. வேற சில வழக்குகள்ல ஜெயிச்ச ஜனங்களுக்கு அதே கம்பெனியோட தள்ளுபடிக் கூப்பனும், வக்கீலுக்கு ரொக்கமும் கிடைச்சதுண்டு. அதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தறதுக்கு 2005ல தனிச் சட்டமே போட்டாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. விவசாயி ஒரு பைசா கையிலிருந்து போடல. மூணு நாலு வருஷம் நிபுணர் சாட்சி, விலைக் கணக்குப் போடற பொருளாதாரப் பேராசிரியர், லட்சக்கணக்கான பக்கம் ஆவணம் எல்லாத்துக்கும் வக்கீல்தான் முதல் போட்டார். தோத்திருந்தா அவருக்குப் பட்டை நாமம். வாரத்துக்கு உழற மாதிரிதான். முதலும் உழைப்பும் அவனோடது, விளைஞ்சா பங்கு. அந்த ஆள் இல்லேன்னா அந்தக் காடு தரிசுதான்.

இன்னொரு விஷயம் இருக்கு, அதுதான் என்னைத் தூங்க விடல. ஒவ்வொரு விவசாயிக்கும் எவ்வளவுன்னு எப்படிப் பிரிச்சாங்க? நீ எத்தனை மூட்டை வித்தே, பில் கொண்டான்னு கேக்கல. அங்க ஒவ்வொரு வருஷமும் விவசாயி தன் காட்டுல என்ன பயிர், எத்தனை ஏக்கர்னு வேளாண் துறைக்குக் குடுக்கற கணக்கு ஒண்ணு இருக்கு. பயிர்க் காப்பீட்டுக் கணக்கும் இருக்கு. அந்த ஏக்கர் கணக்கை எடுத்து, அந்த வட்டாரத்து சராசரி விளைச்சலால பெருக்கி, அதுல அவன் பங்கு எவ்வளவோ அதைப் போட்டாங்க. வாரத்துக்கு உழறவனுக்கும் பங்கு உண்டு, விளைச்சல்ல பங்கு வாங்கற நிலச்சொந்தக்காரனுக்கும் உண்டு. விளைஞ்சாலும் விளையாட்டாலும் ரொக்கக் குத்தகை வாங்கறவனுக்குக் கிடையாது, ஏன்னா விலை இறங்கினதுல அவனுக்கு நஷ்டம் இல்லையே. எவ்வளவு சரியா யோசிச்சிருக்காங்க பாருங்க! ஆனா விண்ணப்பம் குடுக்கணும், அதுக்கு 2018 அக்டோபர் 12 கடைசி நாள். வழக்குக்குள்ள சும்மா இருந்தே வந்துடலாம், காசு வாங்க அந்த ஒரு தாளைக் குடுத்தாகணும்.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். சட்டமே இல்லேன்னு நண்பர் சொன்னாரே, அது தப்பு.

உரிமையியல் நடைமுறைச் சட்டம்னு 1908லருந்து ஒண்ணு இருக்கு. அதுல முதல் கட்டளை, எட்டாம் விதி. ஒரே நலன் உள்ள ஏராளமான பேருக்காக ஒருத்தரோ சில பேரோ கோர்ட் அனுமதியோட வழக்கு நடத்தலாம். எல்லாருக்கும் நோட்டீஸ் போகணும், முடியலேன்னா பேப்பர்ல விளம்பரம். நடுவுல தன்னிஷ்டத்துக்கு சமாதானம் பண்ணிக்க முடியாது, அதுக்கும் எல்லாருக்கும் நோட்டீஸ். தீர்ப்பு எல்லாரையும் கட்டும். சென்னைக்காரங்களுக்குத் தெரிஞ்ச உதாரணம் சொல்றேன். அசோக் நகர்ல வீட்டு வசதி வாரியம் வீடு ஒதுக்கி, பல வருஷம் கழிச்சு கூடுதல் பணம் கட்டுங்கன்னு கேட்டப்ப, ஒதுக்கீடு வாங்கின ஒருத்தர் எல்லாருக்காகவும் இந்த விதியில வழக்குப் போட்டார். தனித்தனி ஆளுக்குத் தனித்தனி ஒப்பந்தம், இது செல்லாதுன்னு வாரியம் வாதாடுச்சு. நலன் ஒண்ணா இருந்தாப் போதும், எல்லாரும் ஒரே பத்திரத்துல இருக்கணும்னு இல்லேன்னு 1990ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நீங்க அசோக் நகர்ல குடியிருந்தா உங்க தெருவுலயே சட்டம் இருக்குங்க.

நுகர்வோர் சட்டத்துலயும் இருக்கு. 2019 சட்டத்துல 35வது பிரிவு, ஒரே நலன் உள்ள பல நுகர்வோருக்காக ஒருத்தர் புகார் குடுக்கலாம், ஆணையம் அனுமதிக்கணும். விதை வாங்கற விவசாயி நுகர்வோர்தானா, அவன் வியாபாரத்துக்குத்தானே விளைவிக்கிறான்னு கம்பெனிகள் ரொம்ப நாள் வாதாடிக்கிட்டிருந்துச்சு. 2012ல சுப்ரீம் கோர்ட், தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்குல, விவசாயி நுகர்வோர்தான்னு தெளிவாச் சொல்லிடுச்சு. விதையை ஆய்வகத்துக்கு அனுப்பலையேன்னு கேட்டதுக்கும், எல்லா விதையையும் ஊனிட்ட விவசாயி சோதனைக்கு எதை எடுத்து வப்பான்ங்கற மாதிரி பதில் இருக்கு அந்தத் தீர்ப்புல. யாரோ நம்ம காட்டுக்குள்ள வந்து பார்த்துட்டு எழுதின மாதிரி இருந்துச்சு எனக்கு.

அப்புறம் ஏன் நடக்கமாட்டேங்குது? வக்கீல் சார் ஒண்ணொண்ணா சொன்னார்.

நோட்டீஸ், விளம்பரச் செலவு வழக்குப் போடறவன் தலையில. நம்ம நாட்டுல வக்கீல், ஜெயிச்சா இவ்வளவு பங்குன்னு பேசிக் கட்டணம் வாங்கக்கூடாது, பார் கவுன்சில் விதி. "அது எங்க தொழிலுக்கு மரியாதை"ன்னு அவர் சொன்னார், நான் மறுக்கல. ஆனா அப்போ தோத்தாலும் நஷ்டம் தாங்கிக்கற அந்த மூணாவது ஆள் இங்க இல்ல. முன்னால நிக்கறவனே முதல் போடணும், ஊருக்கே பலன். எந்த ஏமாளி நிப்பான்?

அனுமதியும் லேசுல கிடைக்காது. பெங்களூர்ல 1134 வீடு உள்ள அடுக்குமாடியில வீடு லேட்டா குடுத்தாங்கன்னு 51 வீட்டுக்காரங்க எல்லாருக்காகவும்னு போட்டாங்க. மத்தவங்களுக்கும் இதே குறைதான்னு உங்க புகார்ல எங்கே காட்டியிருக்கீங்க, வேணும்னா உங்க 51 வீட்டுக்கு மட்டும் சேர்ந்து நடத்துங்கன்னு 2021ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அது சரியான தீர்ப்புதானான்னு சொல்ற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்ல. ஆனா பாடம் புரியுது. ஊருக்காகப் பேசறேன்னு சொன்னா மட்டும் போதாது, ஊர்க்கணக்கு கையில இருக்கணும்.

ஐ.டி. வேலையில இருக்கற வாசகர்களுக்கு சத்யம் கதை தெரிஞ்சிருக்கும். 2009ல கணக்குல பொய்னு முதலாளியே ஒப்புக்கிட்டார். அமெரிக்காவுல அந்தப் பங்கு வாங்கியிருந்தவங்க அங்க கூட்டு வழக்குப் போட்டு, 2011ல கம்பெனி பன்னிரண்டரைக் கோடி டாலருக்கு சமாதானம் ஆச்சு. அதே பங்கை இங்க வாங்கின நம்ம ஆளுங்களுக்கு அந்தச் சமாதானத்துல பங்கு இல்ல, இங்க அந்த மாதிரி வழக்குக்கு வழியும் இல்ல. அதுக்கப்புறம்தான் 2013 கம்பெனிச் சட்டத்துல பங்குதாரர்களுக்குன்னு கூட்டு வழக்குப் பிரிவு சேர்த்தாங்க.

சில பேர் நொய்யலைச் சொல்வாங்க. சாயக்கழிவுக்கு எதிரா ஆயக்கட்டுதாரர் சங்கம் ஐகோர்ட்டுல போராடி ஜெயிச்சுதே, 2011ல சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவே வாங்கினாங்களேன்னு. உண்மை, எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை. ஆனா அந்த ரிட் மனு ஆலையை நிறுத்து, ஆத்தைச் சுத்தம் பண்ணுன்னு கேக்கற வகை. நஷ்டஈட்டுக் கணக்கைப் போட சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைச்ச தனி ஆணையம் ஒண்ணு இருந்துச்சு, அது 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடின்னு 2004ல தீர்மானிச்சுது. வகுத்துப் பாருங்க, ஆளுக்கு ஒன்பதாயிரம்கூட வராது. ஆனாலும் அதுல ஒவ்வொரு கிராமமா, ஒவ்வொரு சர்வே நம்பரா கணக்கு இருந்துச்சு. அரசாங்கம் நெனச்சா இங்கயும் எண்ண முடியும்ங்கறதுக்கு அது சாட்சி.

இப்ப எங்க பதினோரு பேருக்கு வர்றேன். வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "பில் இருக்கா?" பதினோரு பேர்ல பில் வச்சிருந்தது ரெண்டு பேர். நான் அதுல இல்ல. பில் வேண்டாம்னா பைக்கு ஐம்பது ரூபா குறைச்சுத் தர்றேன்னு கடைக்காரர் சொன்னார், நானும் சரின்னேன். நாலு பைக்கு இருநூறு ரூபா மிச்சம் பிடிச்ச புத்திசாலி. இதையெல்லாம் எழுதற எனக்கே அந்த லட்சணம்னா மத்தவங்களை என்ன சொல்ல?

ரெண்டாவது கேள்வி, "விதைப்பை, அதுல இருந்த டேக்கு, லாட் நம்பர்?" அந்தப் பையில எங்க அம்மா வரமிளகா கட்டி வச்சிருந்தாங்க. பை கிடைச்சுடுச்சு, டேக்கு போச்சு. ஊர்ல தேடினதுல ஆறு பேர் வீட்டுல பை இருக்கு, நாலு பைல லாட் நம்பர் தெளிவாத் தெரியுது, நாலும் ஒரே நம்பர்.

மூணாவது, அடங்கல். அமெரிக்காவுல அந்த ஏக்கர் கணக்கு செஞ்ச வேலையை இங்க அடங்கல்தான் செய்யணும். எந்த சர்வே நம்பர்ல எந்த பசலியில என்ன பயிர்னு அதுலதான் இருக்கும். போய் எடுத்துப் பார்த்தேன். என் ரெண்டு ஏக்கர்ல போன வருஷம் பருத்தின்னு இருக்கு. முந்தின வருஷம்தான் பருத்தி போட்டேன், அதையே பார்த்து எழுதிட்டாங்க. எங்க பதினோரு பேர்ல அஞ்சு பேருக்குத்தான் மக்காச்சோளம்னு சரியா இருக்கு. மூணு பேர் குத்தகைக்கு உழறவங்க, வாய்ப்பேச்சுதான், அவங்க பேரே எங்கயும் இல்ல. இப்ப செல்போன்ல காட்டுக்கே வந்து படம் பிடிச்சு ஏத்தற டிஜிட்டல் பயிர் சர்வே வந்திருக்கு. அது ஒழுங்கா நடந்தா பெரிய விஷயம். நகரத்துல இருக்கற நண்பர்கள் இதை அரசாங்கத்தோட இன்னொரு ஆப்னு நெனச்சுடாதீங்க. நாளைக்கு ஒரு மாவட்டமே ஒரு விதையால நஷ்டப்பட்டா, எத்தனை பேர், எத்தனை ஏக்கர்னு சொல்ல வேற எந்த ஏடும் நம்மகிட்ட இல்ல.

அதனால நண்பர்கிட்ட இதைத்தான் சொன்னேன். அமெரிக்க விவசாயி நம்மளவிட சட்டம் தெரிஞ்சவனோ, நம்மளவிட ஒத்துமையானவனோ கிடையாது. பெரும்பாலானவன் ஒண்ணுமே செய்யாம வீட்டுலதான் இருந்தான். அவனை எண்ணறதுக்கு ஒரு ஏடு இருந்துச்சு, அவனுக்காக முதல் போட ஒரு ஆள் இருந்தார், அவனை விட்டுடாம பார்த்துக்க ஒரு நீதிபதி இருந்தார். நம்மகிட்ட மூணாவது இருக்கு. கூடவே 1908லருந்து சட்டமும் இருக்கு. முதல் ரெண்டும் இல்லாம அந்தக் கதவைத் தட்டறதுக்கு ஆள் வராது. ஜெயிச்சா பங்குன்னு வக்கீலை விடறதா, இல்ல இந்த மாதிரி வழக்குக்குன்னு அரசாங்கமே ஒரு நிதி வச்சு முதல் போடறதா, அதைப் பெரியவங்க யோசிக்கட்டும். எனக்கு ரெண்டாவதுதான் நல்லதாப் படுது. மூணுல ஒரு பங்குன்னு ஆரம்பிச்சா நம்ம ஊர்ல அது மூணுல ரெண்டா எங்கே போய் நிக்கும்னு தெரியாது.

எங்க நிலவரம் இதுதான். நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் குடுக்கணும். மார்கழியில கதிர் பார்த்தோம், ஏழு மாசம் போயாச்சு. எங்க தொகைக்கு ஆணையத்துல கட்டணம் கிடையாது, அது ஒரு நிம்மதி. வக்கீல் சொல்றபடி பார்த்தா, பில் இருக்கற ரெண்டு பேரும் லாட் நம்பர் உள்ள மத்தவங்களும் முதல்ல சேர்ந்து ஒரு கூட்டுப் புகார் குடுத்துடறது நல்லது, எல்லாருக்காகவும்ங்கற மனுவைக் கூடவே வச்சுப் பார்க்கலாம்ங்கறார். பக்கத்து ரெண்டு ஊர்லயும் அதே லாட் விதை போயிருக்கறதா கேள்வி. வர்ற ஞாயித்துக்கிழமை நானும் சுப்பிரமணி அண்ணனும் ஒரு நோட்டு எடுத்துக்கிட்டுப் போறோம். பேர், சர்வே நம்பர், ஏக்கர், பை, லாட் நம்பர், விளைஞ்சது எத்தனைன்னு கட்டம் போட்டாச்சு. கடையில பாக்கி வச்சிருக்கற நாலு பேரோட பேரை எழுதலாமா, கையெழுத்து இல்லாம எழுதினா அவங்களுக்குச் சங்கடம் வருமான்னுதான் முடிவு பண்ண முடியல.

இந்த 35வது பிரிவு மனு நடத்தின அனுபவம் உள்ள வக்கீல் யாராவது இதைப் படிச்சா எனக்கு எழுதுங்க. குறிப்பா அடங்கல்ல தப்பா இருக்கறப்ப, காட்டை நேர்ல பார்த்த வேளாண்மை அலுவலரோட குறிப்பு மட்டும் போதுமான்னு தெரியணும். அவர் அன்னைக்கு வந்து போட்டோ எடுத்தது எங்க எல்லாருக்கும் தெரியும். அந்த போட்டோ இப்ப யார்கிட்ட இருக்குன்னு திங்கக்கிழமை போய்க் கேக்கணும்.